மேடைக்கு வராதவர்

மார்ச் 4

உங்களுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்று நேற்று அங்கிருந்து வந்த வேன் டிரைவர் சொல்லிவிட்டார். "ஐயா நல்லா இருக்காரும்மா, பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்டுட்டு தொட்டியில போர்வை அலசிட்டு இருந்தாரு." என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் ஓய்வு என்று சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டுத்தானே போனீர்கள்? சபை நடத்தும் இல்லம், காற்றோட்டமான விருந்தினர் அறை, மேட்ரன் தெரிந்தவர் என்றெல்லாம் எழுதினீர்களே, படுக்கையோடு கிடப்பவர்களின் துணியைத் துவைக்கப் போகிறேன் என்று எழுத மட்டும் சிலேட்டில் இடம் இல்லாமல் போய்விட்டதா?

இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். நான் பேசப் பேச, அந்தப் பக்கம் வெறும் மூச்சுச் சத்தம் மட்டும் வருவதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நற்செய்திக் கூட்டத்துச் செயலாளர் வந்திருந்தார். இந்த மாதம் 28ஆம் தேதி பெரிய மைதானத்தில் கூட்டம். நீங்கள் மேடையில் உட்கார்ந்தால் போதுமாம். உங்கள் பழைய பிரசங்கம் ஒன்றைக் கேசட்டில் போடுவார்கள். ஜனங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டே உங்கள் குரலைக் கேட்பார்கள். "ஐயா ஒண்ணும் பண்ண வேணாம்மா, சும்மா உட்கார்ந்தா போதும். அதுவே பெரிய சாட்சி" என்றார். போஸ்டர் அடித்தாகிவிட்டது. உங்கள் முகம்தான் எல்லாரையும்விடப் பெரிதாக இருக்கிறது.

நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். தொண்டை ஆபரேஷனில் உங்களுக்குக் குரல் போன அன்றே நமக்குப் போதகர் வீடும் போயிற்று. நீங்கள் விருந்தினர் அறைக்குப் போனீர்கள். நான் தங்கை வீட்டுப் பின்னறைக்கு வந்தேன். இங்கே தையல் மெஷின், உடைந்த சைக்கிள், நான். இந்தக் கூட்டம் நல்லபடியாக முடிந்தால், சபை வளாகத்தில் பூட்டிக் கிடக்கும் சின்ன வீட்டை நமக்குத் தருவதாகச் செயலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்காவது எனக்கு ஒரு வீடு வேண்டும்.

27ஆம் தேதி கார் வரும். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மனைவி


மார்ச் 9

கோபமாக இருப்பவளுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குப் போன குரலில் பாதி உனக்கு வந்துவிட்டதோ என்று நினைத்துச் சிரித்தேன். என் சிரிப்பு இப்போது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கழுத்துத் துணி மட்டும் படபடவென்று ஆடும்.

ஓய்வுக்குத்தான் வந்தேன். பொய் சொல்லவில்லை. முதல் வாரம் விருந்தினர் அறையில் உட்கார்ந்திருந்தேன். சபை ஜனங்கள் பார்க்க வந்தார்கள். எதிரே உட்காருவார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் அழுவார்கள், ஜெபம் பண்ணுவார்கள், பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவார்கள். என் துக்க வீட்டில் நானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

ஒருநாள் காலையில் துணி துவைப்பவர் வரவில்லை. வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மறுநாளும் ஆள் இல்லை. நடையெல்லாம் அழுக்கு விரிப்புகள் குவிந்துவிட்டன. மேட்ரன் முதல் சமையல்காரர் வரை மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மூச்சு கழுத்து ஓட்டை வழியாகப் போய்வருவதால் சோப்பும் ஒன்று, மூத்திரமும் ஒன்று. இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று தோன்றியது. பேன்ட்டை மடித்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆண்கள் கூடத்தில், துவைக்கும் இடத்தை ஒட்டிய ஜன்னலோரம் ஒருவர் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்தவர். சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்ணையும் இரண்டு காலையும் எடுத்துக்கொண்டுவிட்டது. ஜெபிக்க யாராவது பக்கத்தில் வந்தால், "எறங்கு, எறங்கு, ஸ்டாப்பிங் வந்துடுச்சு!" என்று கத்தி விரட்டுவார். அவருக்கு விரிப்பு மாற்றப் போனேன். நான் எழுதிக் காட்டினால் அவரால் பார்க்க முடியாது. அவர் கேட்டால் என்னால் பேச முடியாது. அவரே வழி கண்டுபிடித்தார். கையில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை.

"நீ சபை ஆளா?" என்றார். ஒரு தட்டு.

"எனக்குப் புத்தி சொல்லுவியா?" இரண்டு தட்டு.

"அப்ப விரிப்பை மாத்து."

நான் எத்தனையோ மைதானங்களில் பேசியிருக்கிறேன். என்னை இவ்வளவு சீக்கிரம் ஒருவர் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவினார் என்று எத்தனை முறை பிரசங்கம் பண்ணியிருப்பேன்! ஜனங்கள் அழுவார்கள். அந்தத் துண்டை அப்புறம் யார் துவைத்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன். பார், பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிட்டேன்.

மேடைக்கு நான் வரவில்லை. கேசட் பேசும், நான் பொம்மை மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றால், அது யாருக்கும் சாட்சி இல்லை. செயலாளரிடம் சொல்லிவிடு.

பேசாதவன்


மார்ச் 14

உங்களுக்கு,

அந்தத் துண்டை யார் துவைத்தார்கள் என்று இப்போது யோசிக்கிறீர்களாம். நம் வீட்டில் யார் துவைத்தார்கள் என்று யோசித்தீர்களா?

கல்யாணமான மறுவாரம் ஆரம்பித்தேன். உங்கள் சட்டை, நம் வீட்டில் தங்க வந்த ஊழியர்களின் வேட்டி, போர்வை, திருவிருந்து மேசை விரிப்பு. உங்கள் அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவர் துணி. எனக்கு மூக்கு நன்றாக வேலை செய்தது. அதையெல்லாம் யாராவது ஊழியம் என்று சொன்னார்களா? நீங்கள் சொன்னீர்களா? நீங்கள் நாலு நாள் துவைத்ததும் அது அழைப்பு ஆகிவிடுகிறது. நான் துவைத்தால் அது வீட்டு வேலை.

இப்போதும் துவைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சும்மா சாப்பிடுகிறாள் என்று தங்கை வீட்டுக்காரர் நினைத்துவிடக் கூடாதே என்று பாத்திரம் எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக் கழுவுகிறேன். அதில் எனக்கு ஒரு தரிசனமும் கிடைக்கவில்லை. விரல் இடுக்கெல்லாம் புண்தான் வந்திருக்கிறது.

இன்னொன்று. உங்கள் கழுத்தை அறுத்த டாக்டர் என்ன சொன்னார்? குளிக்கும்போதுகூடப் பார்த்துக் குளிக்க வேண்டும், அந்த ஓட்டைக்குள் ஒரு குவளைத் தண்ணீர் போனாலும் ஆபத்து என்று என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார். நீங்கள் தொட்டிமேல் குனிந்து நிற்கிறீர்கள். தண்ணீருக்குள் விழுந்தால் "ஐயோ" என்று ஒரு சத்தம் போட உங்களால் முடியுமா? எனக்கு இங்கே தூக்கம் வருவதில்லை. அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

வீட்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. கண்டக்டரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது.

27ஆம் தேதி கார் வரும். ஏறி வாருங்கள். கார் காலியாகத் திரும்பினால், நான் உங்களுக்கு யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.


மார்ச் 19

உனக்கு,

நம் வீட்டில் யார் துவைத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். அலமாரியைத் திறந்தால் வெள்ளைச் சட்டை இருக்கும். அது தானாக அங்கே முளைக்கிறது என்று நினைத்திருந்தேன் போல. வேறு எதை எழுதினாலும் சமாதானம் சொல்வது போலத்தான் இருக்கும். விட்டுவிடுகிறேன்.

வீட்டைப் பற்றியும் நினைக்காமல் இல்லை. அதை நினைத்தால் கார் வருவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றுகிறது. அதனால்தான் எழுதவில்லை.

கண்டக்டருக்கு முதுகில் படுக்கைப் புண் பெரிதாகிவிட்டது. நேற்று முதல் காய்ச்சல். வேறு யாரையும் தொட விடுவதில்லை. டிரஸ்ஸிங் செய்ய வந்த நர்ஸின் கையைத் தட்டிவிட்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் படுக்கிறார். வேளாவேளைக்குத் திருப்பிப் போடாவிட்டால் புண் எலும்பு வரை போகும் என்கிறார் மேட்ரன். கூட்டத்துக்கு வந்து திரும்பினால் மூன்று நாள் ஆகும்.

நீ என்னைக் கேட்கலாம், எனக்கு என்ன செய்தீர்கள் என்று. கேள். உனக்கு அந்த உரிமை உண்டு.

இங்கே பின்பக்கம் ஓர் அறை காலியாக இருக்கிறது. நீ வருகிறாயா என்று கேட்கத் தைரியம் இல்லை. கேட்டுவிட்டேன்.

காரை அனுப்ப வேண்டாம் என்று சொல்.


மார்ச் 30

கார் காலியாகத் திரும்பியது. டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "ஐயா கையெடுத்துக் கும்பிட்டாரும்மா. வரலைன்னு எழுதிக் காட்டினாரு" என்றார்.

செயலாளர் நேராக என்னிடம் வந்தார். "போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியாச்சு. நீங்களாவது வாங்க. ஐயா கவலைக்கிடமா இருக்காரு, ஜெபிச்சுக்கோங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. வீட்டு விஷயத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார். சரி என்றேன். எனக்கு வீடு வேண்டியிருந்தது. ஒளிக்கவில்லை.

மேடையில் உங்களுக்குப் போட்ட நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். கேசட்டைப் போட்டார்கள். உங்கள் குரல் மைதானம் முழுக்க எழுந்தது. பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. அது எந்த நாள் பிரசங்கம் என்று ஞாபகம் வந்தது. அன்று உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து வெந்நீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் முடிந்து வந்து, "இன்னைக்கு ஆவியானவர் பலமா அசைவாடினார்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டீர்கள். அந்தக் குரலில் என் வெந்நீரும் இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்துதான் தோன்றியது.

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. இல்லத்துல நோயாளிங்க துணியைத் துவைச்சுக்கிட்டு இருக்கார். கூப்பிட்டேன். வரலை."

அவ்வளவுதான் சொன்னேன். எங்கேயோ பின்னால் ஒருவர் சிரித்தார். ஒரு கிழவி மட்டும் சத்தமாக "ஸ்தோத்திரம்" என்றாள். செயலாளர் மைக்கை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

உங்களைத் தாங்கிப் பேசியதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கோபத்தில் சொன்னேன். ஊரறிய உங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். சொன்னபின் அது உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரியும் இல்லை, மெச்சிய மாதிரியும் இல்லை. நடந்தது அதுதான் என்ற மாதிரி இருந்தது.

வீடு போயிற்று. "அதுக்கென்ன, இங்கேயே இருந்துக்கோங்க, வேற எங்க போவீங்க?" என்றார் தங்கை வீட்டுக்காரர். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.


ஏப்ரல் 17

எழுத வேண்டாம் என்றாய். எழுதாவிட்டால் வேன் டிரைவர் சொல்லி நீ கேள்விப்படுவாய். அதைவிட நானே சொல்வது நல்லது. படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்தைப் பொறுத்துக்கொள்.

நீ சொன்னது நடந்துவிட்டது.

இரண்டு வாரம் ஆகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் சாப்பாட்டறையில் இருந்தார்கள். ஊறிய கம்பளி ஒன்றைத் தொட்டியிலிருந்து இழுத்தேன். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. வாளி ஒரு பக்கம் உருண்டது. நான் மார்போடு தொட்டிக்குள் விழுந்தேன். கம்பளி மேலே சுற்றிக்கொண்டது. தண்ணீர் கழுத்து வழியாக நேரே உள்ளே போயிற்று. உனக்கும் எனக்கும் தெரிந்த இருமல் இல்லை அது. உள்ளே நெருப்புப் பிடித்த மாதிரி இருந்தது. கையை ஊன்றினேன், வழுக்கியது. கத்த வாயைத் திறந்தேன். பழக்கதோஷம்.

அந்த நேரத்தில் ஒரு வசனமும் வரவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்களின் மரணப் படுக்கையில் உட்கார்ந்து சொன்ன எதுவும் வரவில்லை. இதை அவளிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்பது மட்டும்தான் வந்தது.

நான் துணி அடிக்கும் சத்தத்தை ஜன்னலோரம் படுத்துக்கொண்டு தினமும் கேட்பவர் கண்டக்டர். அன்று வாளி உருண்ட சத்தம் கேட்டிருக்கிறது. அப்புறம் ஒன்றும் இல்லை. அவர் கூப்பிட்டிருக்கிறார். சாப்பாட்டறையில் தட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தானே கட்டிலிலிருந்து தரையில் உருண்டு விழுந்திருக்கிறார். முதுகில் அந்தப் புண்ணோடு, கையை ஊன்றி நகர்ந்து வாசல் வரை வந்து, "ஹோல்டான்! ஹோல்டான்! ஆள் விழுந்துட்டான்!" என்று கத்தினாராம். கூட்ட நெரிசலில் பஸ்ஸை நிறுத்திப் பழகிய குரல். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். அவர்தான் என்னைத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டு முதுகில் ஓங்கித் தட்டியவர்.

எனக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இல்லத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். இன்னும் முழுதாக விடவில்லை. அவருக்கு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. புண் மறுபடி கிழிந்துவிட்டது. அவர் கூடத்தில், நான் நோயறையில். ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. பார்த்தாலும் என்ன?

நான் அவருக்குச் சேவை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் யார் யாருக்குச் செய்தது என்று தெரியவில்லை.

உன்னை வரச் சொல்ல எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.


மே 8

உங்களுக்கு,

உங்களோடு சில நாள் இருந்துவிட்டுத் தங்கை வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. போகும்போது கையில் நம் இரண்டு பேருக்கும் திரும்பி வர டிக்கெட் வைத்திருந்தேன், உங்களைக் கையோடு இழுத்து வந்துவிடுவது என்று. உங்கள் டிக்கெட்டை டெப்போவில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நேரே சொல்லியிருக்கலாம். உங்கள் எதிரே நான் பேச, நீங்கள் சிலேட்டை எடுக்க, அதற்குள் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. எழுதினால் முழுதாகச் சொல்லிவிடுவேன்.

மேட்ரனிடம் பேசிவிட்டேன். அந்தப் பின்பக்க அறைக்கு நான் வருகிறேன். துவைக்க வரவில்லை. எனக்குத் துவைத்தது போதும். துணி அறையின் சாவி என்னிடம் இருக்கும். எது கிழிந்தது, எதைத் தைக்க வேண்டும், எந்தக் கட்டிலுக்கு எப்போது மாற்ற வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்வேன். தொட்டிக்கு இரண்டு ஆள் போட மேட்ரன் சம்மதித்துவிட்டார். நீங்கள் கொடியில் உலர்த்தலாம், மடிக்கலாம், விரிக்கலாம். தொட்டிப் பக்கம் உங்களைப் பார்த்தேன் என்றால், நடப்பது வேறு. இது ஊழியமா வேலையா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். எனக்கு அங்கே கை ஓடுகிறது. இங்கே ஓடவில்லை.

வியாழக்கிழமை வருகிறேன். தையல் மெஷினை என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் தங்கை. அவள் வீட்டுக்காரரே வண்டி பேசி அனுப்புகிறேன் என்றார். அவரைப் பற்றி நான் நினைத்ததில் பாதி தப்பு.

ஒன்று உங்களிடம் சொல்லவில்லை. நான் வந்த முதல் நாள் நடந்தது. நீங்கள் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கண்டக்டருக்குச் சாப்பாடு கொடுக்க ஆள் இல்லை, வலது கையில் மாவுக்கட்டு. தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மேட்ரன் வேறு பக்கம் ஓடினார். உங்களைக் காப்பாற்றியவர் என்று அவருக்கு நன்றி சொல்லத்தான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தபோது, என்னிடமிருந்து உங்களை எடுத்துக்கொண்டவரும் இவர்தான் என்று தோன்றியது. நன்றி வாயில் வரவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, "புது ஆளா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அந்த ஊமை ஆளு எப்படிம்மா இருக்காரு?"

"காய்ச்சல் குறைஞ்சிருக்கு."

"யாரும்மா அவரு? எனக்கு அது ஒண்ணுதான் தெரியல. அவருக்குச் சொல்ல வாயில்ல, எழுதிக் காட்டினா பார்க்க எனக்குக் கண்ணில்ல. மத்தவங்களைக் கேட்டா ஐயாங்கறாங்க. எந்த ஐயா? முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தாரு? உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாதா? சொல்ல எவ்வளவு இருந்தது! எத்தனை மைதானம், எத்தனை மாலை, எத்தனை போஸ்டர், உங்கள் குரலைக் கேட்க மழையில் நனைந்துகொண்டு நின்ற கூட்டம். தங்கை வீட்டுப் பின்னறையில் அதையெல்லாம் யாரிடமாவது சொல்ல மாட்டோமா என்றுதானே புழுங்கிக்கொண்டிருந்தேன். இதோ, ஒருவர் தானாகவே கேட்கிறார். நான் வாயைத் திறந்தேன்.

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். முகத்தை என் பக்கம் திருப்பினார். அப்புறம், "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்றார்.

அதை என்னிடம் யாரும் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று தெரியவில்லை. இல்லை என்றேன்.

மாவுக்கட்டுப் போட்ட கையால் தடவித் தடவித் தட்டை என் பக்கம் தள்ளினார்.